அடுக்குமாடிக்கு ஏற்ற நாய்

"குரைக்கக் கூடாது, முடி கொட்டக் கூடாது, வெளியில கூட்டிட்டுப் போன்னு பிடுங்கக் கூடாது. அப்படி ஒரு நாய் இருக்கா?"

கல்லாவில் உட்கார்ந்தபடி கோழித் தூக்கம் போட்டுக்கொண்டிருந்த வளர்ப்புப் பிராணிக் கடைக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தார். எதிரே ஒரு கணவனும் மனைவியும். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, ஆபீஸிலிருந்து நேராக வந்திருந்தார்கள்.

'பொம்மைக் கடை எதிர்ல இருக்கு சார்' என்று சொல்ல நாக்கு துடித்தது. வியாபாரம் ஆயிற்றே, அடக்கிக்கொண்டார்.

"எதுக்கு சார் நாய்? காவலுக்கா?"

"நிம்மதிக்கு" என்றாள் மனைவி. "இவருக்கு பிரஷர் எக்கச்சக்கம். வீட்டுல நிம்மதி வேணும், இல்லன்னா ஆஸ்பத்திரிக்குப் படுக்கையோட வந்துடுங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். நாய் வளர்த்தா பிரஷர் இறங்குமாமே?"

"எங்களோடது ஃபிளாட். அதுக்கு ஏத்த ஜாதியாப் பாத்துக் குடுங்க" என்றார் கணவர்.

கடைக்காரருக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. ஒரு கூண்டைத் திறந்து 'பக்' ஜாதி நாய்க்குட்டி ஒன்றை எடுத்து மேஜையில் விட்டார். அது சப்பை மூக்கைத் தூக்கி அவர்களை ஒரு தரம் பார்த்தது. பிறகு அங்கேயே படுத்துக் குறட்டை விட ஆரம்பித்தது.

"ஃபிளாட்டுக்குன்னே பொறந்தது சார் இது. சாப்பிடும், தூங்கும். இருக்கிற இடமே தெரியாது."

"ஐயோ, செல்லம்! சோபாவுல என் பக்கத்துல படுத்துக்கட்டும்."

"சோபாவுலயா? பால்கனியில படுக்கட்டும்."

"பச்சக் குழந்தைய யாராவது பால்கனியில போடுவாங்களா?"

"அந்த சோபா யாரு வாங்கினது?"

"ஆரம்பிச்சுட்டீங்களா? வாங்கின நாள்லேருந்து அதுல காலை நீட்டிப் படுத்திருக்கிறது யாரு?"

குரல்கள் ஏறிக்கொண்டே போயின. கூண்டிலிருந்த கிளிகள்கூட வாயை மூடிக்கொண்டன. நிற்பது கடை என்பதையும் மறந்து கணவர் மேஜையை ஓங்கித் தட்டினார்.

"இந்த வீட்டுல எனக்கு மரியாதைன்னு ஒண்ணு இருக்கா, இல்லையா?"

பக் குட்டிக்குக் கழுத்துப்பட்டை மாட்டப் போன கடைக்காரரின் கை அப்படியே நின்றது. கணவரை ஏற இறங்கப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார். கண்ணிலிருந்த தூக்கம் போன இடம் தெரியவில்லை.

"ஃபிளாட் எங்க சார் இருக்கு?"

"தண்ணித் தொட்டிக்கு எதிர்ல, மஞ்சள் பில்டிங். நாலாவது மாடி. குடிவந்து ஆறு மாசம் ஆகுது. எங்கள மாதிரி அமைதியான குடும்பம் அங்க கிடையாது. அக்கம்பக்கத்துல யாரு இருக்காங்கன்னுகூட எங்களுக்குத் தெரியாது."

"சாப்பாட்டு மேஜை நாற்காலிக்கு அடியில ரப்பர் போட்டிருக்கீங்களா?"

"நாய்க்கும் நாற்காலிக்கும் என்னங்க சம்பந்தம்?"

"நாய்க்குக் காது கூர்மை சார். ராத்திரியில மிக்ஸி ஓட்டுவீங்களா மேடம்?"

"எப்பவாவது."

"தினமும்" என்று திருத்தினார் கணவர்.

கடைக்காரர் பக் குட்டியைத் தூக்கிப் பழையபடி கூண்டில் விட்டார். உள்ளே போய், நீளக் காதுகளோடு ஒரு பீகிள் குட்டியைக் கொண்டுவந்தார். அது வந்ததும் வராததுமாகக் கணவரின் ஷூ நாடாவைக் கவ்வி இழுத்தது.

"இதுதான் உங்களுக்கு."

"இது துறுதுறுன்னு இருக்கே! நாங்க கேட்டது..."

"பிரஷர் இறங்கணுமா, வேண்டாமா? தூங்குற நாயப் பாத்துட்டு இருந்தா இறங்காது சார். கூட நடந்தாத்தான் இறங்கும். ஆபீஸ் விட்டு வந்ததும் ஷூவக் கழட்டாம இதக் கூட்டிட்டுக் கிளம்பிடணும். ஏழு மணிக்குப் போனா ஒன்பதுக்கு முன்னாடி வீட்டுக்குள்ள வரவே கூடாது."

"அப்ப இவரு போகட்டும்."

"ரெண்டு பேரும் போகணும் மேடம். இது கூட்டமா வாழ்ற ஜாதி. ஒரு ஆளு குறைஞ்சாலும் நகராது."

"குரைக்குமா?"

"சும்மா குரைக்காது. ஆனா யாராவது குரலை உசத்தினா, நாற்காலிய இழுத்தா, ஊளையிட ஆரம்பிச்சுடும். அப்புறம் அசோசியேஷன்காரங்க வீட்டக் காலி பண்ணுங்கன்னு வந்து நிப்பாங்க. நீங்கதான் அமைதியான குடும்பமாச்சே, உங்களுக்கென்ன கவலை!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். விலைபோகாத சரக்கைத் தலையில் கட்டப் பார்க்கிறாரோ என்று கணவருக்குச் சந்தேகம் தட்டியது.

"பாதி விலைக்குத் தர்றேன் சார். பட்டை, வார் எல்லாம் இனாம்" என்றார் கடைக்காரர். சொன்னதோடு நிற்கவில்லை. பக்கத்து ஹார்டுவேர் கடைக்கு ஓடிப் போய், நாற்காலிக் கால்களுக்கு மாட்டும் ரப்பரும் தன் காசில் வாங்கி வந்து கொடுத்தார்.

"இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுஷனா!" என்று மனைவி நெகிழ்ந்துபோனாள். கணவர் ஆமோதித்தார். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுவாகத்தான் இருக்கும்.

குட்டி அவர்களை இழுத்துக்கொண்டு தெருமுனை திரும்பியதும், கடைக்காரர் தன் மனைவிக்குப் போன் போட்டார். அவள் நர்ஸ். ராத்திரி டூட்டிக்குக் கிளம்புமுன் சாயங்காலம் கொஞ்சம் கண்ணயர்ந்தால்தான் உண்டு.

"தூங்கலையாம்மா?"

"எங்கேங்க தூங்குறது? இன்னைக்கு இன்னும் ஆரம்பிக்கல. எப்ப ஆரம்பிப்பாங்களோங்கிற பயத்துலயே தூக்கம் வரல."

"காதுல இருக்கிற பஞ்சத் தூக்கிப் போடு" என்றார் கடைக்காரர். "ஆறு மாசமா நம்ம தலைக்கு மேல 'மரியாதை இருக்கா, இல்லையா'ன்னு கத்துற குரலுக்கு இன்னைக்குத்தான் முகத்தப் பாத்தேன், இனிமே சாயங்காலத்துல அவங்க நடக்கட்டும், நீ தூங்கு."