தண்ணிக்கடியில் அரைமணி நேரம்

“நீச்சல் தெரியுமான்னு கேட்டிருக்காங்க தம்பி. என்ன போடட்டும்?”

“தெரியாதுன்னே போடுங்க்கா.”

மைதிலியின் விரல்கள் கீபோர்டு மேல் அப்படியே நின்றன. மலை மேல் செம்மேட்டில் அவள் நடத்தும் கம்ப்யூட்டர் சென்டருக்குப் பட்டா, சாதிச் சான்றிதழ், கரண்டு பில் என்று வருவார்களே தவிர, அந்தமானுக்குப் போய்க் கடலுக்கடியில் முங்க வேண்டும் என்று இதுவரை ஒருவரும் வந்ததில்லை.

எதிரே உட்கார்ந்திருந்த செங்கோடனுக்கு முப்பத்திரண்டு வயது. ஆறடி உயரம். பிளாஸ்டிக் நாற்காலிக்குள் அடங்காத தோள். அதே மலையில் அரியூர் நாட்டுக்காரன் என்பதற்கு மேல் அவனைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. தினமும் அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்து கடை திறப்பவளுக்கு மலையில் முகங்கள் பழக்கம், கதைகள் பழக்கமில்லை.

“நீச்சலே தெரியாம கடலுக்குள்ள எறங்கறீங்களா?”

“தெரியாதவங்களும் வரலாம்னு அவங்களே போட்டிருக்காங்க. ஒரு ஆளுக்கு ஒரு மாஸ்டராம். மேல வர்ற வரைக்கும் கையை விடவே மாட்டாராம்.”

“குடுத்து வெச்சவரு நீங்க. எங்கூட்டுக்காரரு கண்ணாலத்தன்னைக்குப் புடிச்சதோட சரி.”

செங்கோடன் சிரிக்கவில்லை. வாசல் பக்கம் பார்த்துவிட்டு, “கொஞ்சம் மெதுவாப் பேசுங்க்கா” என்றான்.

“சரி, ஏரோப்ளேனா கப்பலா?”

“கப்பல்தானுங்க. அதுதான் சல்லிசு.”

“மூணு நாளைக்குச் சுத்தியும் தண்ணிதான் தெரியும், பரவாயில்லையா?”

“ஜன்னல் இல்லாத எடமாப் பார்த்துப் போடுங்க. கண்ணை மூடிப் படுத்துக்குவேன்.”

“சாப்பாடு?”

“ரெண்டு சீப்பு மலைவாழை, ஒரு பை பொரி. அங்க போனா பத்துப் பேரு படுக்கற ரூம்ல ஒரு கட்டிலு. போதுமுங்க.”

மைதிலி அடுத்த கேள்விக்குப் போனாள். ஆஸ்துமா இல்லை. காதில் ஆபரேஷன் செய்ததில்லை.

“அவசரத்துக்குக் கூப்பிட ஒரு நம்பர் வேணுமாம். சம்சாரம் நம்பர் சொல்லுங்க.”

“ஐயோ, அது வேண்டாங்க்கா! அவகிட்டத் திருப்பதி போறேன்னு சொல்லிப்போட்டேன்.”

“அப்போ மொட்டை?”

“கப்பல் ஏறுறதுக்கு முன்னால சென்னையிலயே அடிச்சுக்குவேன்.”

“லட்டு?”

செங்கோடன் திகைத்தான். அதை அவன் யோசிக்கவே இல்லை. மைதிலி தலையில் அடித்துக்கொண்டு, “அந்த ஏழுமலையான்தான் உங்களைக் கரையேத்தணும். என் நம்பரையே போட்டுத் தொலைக்கறேன்” என்று தட்டினாள். பிறகு நாற்காலியை அவன் பக்கம் திருப்பினாள்.

“ஏனுங்க தம்பி, தண்ணியில எறங்கணும்னா வாசலூர்பட்டி ஏரி இருக்குது. எதுக்கு இத்தனை தூரம்?”

“ஏரியிலயா? கரையில நிக்கறதெல்லாம் நம்ம சொந்தக்காரங்க. பார்த்துட்டாங்கன்னா என் பொழப்பே போச்சு.”

“சரி, நாமக்கல்ல போய்க் கத்துக்கலாமே?”

“போனேனுங்க. நாலு நாளும் படிக்கட்டை விட்டு எறங்கல. தலை தண்ணிக்குள்ள போச்சுன்னா எனக்கு மூச்சு முட்டுது. அஞ்சு வயசுல கெணத்துல விழுந்த பயம். இவங்க மூச்சு விடக் குழாய் குடுக்கறாங்க. தண்ணிக்கடியில அரைமணி நேரம் உக்காந்துட்டு வந்துட்டா பயம் தெளிஞ்சுரும். அப்புறம் நீச்சலு தானா வந்துரும்.”

“இத்தனை வருஷம் இல்லாத அவசரம் இப்ப என்ன?”

அவன் கையிலிருந்த ஆதார் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“போன ஞாயித்துக்கெழமை ஒரு கொழந்தை தண்ணியில விழுந்துருச்சுங்க. நாலு வயசு இருக்கும். நான் பக்கத்துலதான் நின்னுட்டிருந்தேன். காலு நகரலைங்க்கா. அதோட அம்மாதான் சேலையோட குதிச்சுத் தூக்கிட்டு வந்துச்சு. கொழந்தைக்கு ஒண்ணும் ஆகல. எனக்குத்தான் அன்னையில இருந்து தூக்கம் போச்சு.”

மைதிலியின் முகத்திலிருந்த கேலி மறைந்தது. கண்ணோரம் ஈரமானது.

“நீச்சல் தெரியாதவரு என்னங்க செய்வீங்க? நீங்களும் குதிச்சிருந்தா ரெண்டு பேரையில்ல தூக்க வேண்டியிருக்கும்? உங்க மேல ஒரு தப்பும் இல்லை. இதுக்குப் போய் மனசைப் போட்டு உழப்பிக்கறீங்களே!”

“நெசமாத்தான் சொல்றீங்களா?”

“சத்தியமாச் சொல்றேன். சும்மா நின்னுட்டிருந்தவரை ஆரு குத்தம் சொல்லுவாங்க?”

செங்கோடனின் தோள்கள் தளர்ந்தன. ஒரு வாரமாக அவன் எதிர்பார்த்திருந்த வார்த்தை அதுதான் போலிருந்தது. மைதிலி மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரைக்குத் திரும்பினாள். டிக்கெட்டு முடிந்தது. கட்டில் முடிந்தது. முங்கும் இடத்துக்கான படிவத்தில் ஒரே ஒரு கட்டம்தான் பாக்கி.

“தைரியமாப் போய்ட்டு வாங்க தம்பி. கடைசிக் கேள்வி. என்ன வேலை பாக்கறீங்க? விவசாயமா?”

செங்கோடன் மறுபடியும் வாசலைப் பார்த்தான். நாற்காலியை நகர்த்தி, அவள் காதருகே குனிந்தான்.

“இங்கதானுங்க, ஒரு ரிசார்ட்டு நீச்சல் குளத்துல. ஆராச்சும் முழுகுனா குதிச்சுக் காப்பாத்தற வேலை.”