ஒண்ணு... ரெண்டு...

“உங்க பிள்ளை இன்னிக்கும் என் பாய் மேல கையெழுத்துப் போட்டுட்டான், மாப்பிள்ளை.”

தலையைத் துவட்டிக்கொண்டே குளியலறையிலிருந்து வந்த டெய்லருக்கு முகம் தொங்கிப்போனது. ஹாலில் மாமனாரின் உடற்பயிற்சிப் பாய். அதன் நடுவில் ஒரு சின்னக் குளம். குளத்துக்குக் கொஞ்சம் தள்ளி, சொல்ல முடியாத இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே, பெரிய காரியம் சாதித்த முகத்தோடு வாலை ஆட்டிக்கொண்டு பட்டன்.

பட்டன் மூன்று மாதப் பொமரேனியன் குட்டி. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகலாம், அவ்வளவுதான் உருவம். தைத்த துணியை வாங்க வந்த வாடிக்கைக்கார அம்மா ஒருவர், ஊரை மாற்றிக்கொண்டு போவதாகச் சொல்லி அதை டெய்லரின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து டெய்லருக்கு உயிரே அதுதான்.

மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் வீட்டுக்குள் அசிங்கம் பண்ணாமல் பழக வேண்டும். இல்லாவிட்டால் குட்டி அவளுடைய அக்கா வீட்டுக்குப் போய்விடும். அக்கா வீட்டில் இரண்டு பூனைகள். இரண்டுமே பட்டனைவிடப் பெரிசு.

டெய்லருக்குப் பிடிபடாதது ஒன்றுதான். வீட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனால் பட்டன் அவ்வளவு சமத்து. ஆரம்பத்தில் “ஒண்ணுக்குப் போடா ராஜா” என்று முழுசாகத்தான் கொஞ்சினார். பக்கத்து மாடியில் துணி காயப்போட வந்தவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்ததில் கூச்சமாகி, சுருக்கிக்கொண்டார். “ஒண்ணு” என்பார், குந்தும். “ரெண்டு” என்பார், அதுவும் நடக்கும். உடனே ஒரு பிஸ்கட்.

வெளியே இவ்வளவு படித்த பிள்ளை உள்ளே மட்டும் ஏன் ஃபெயிலாகிறது? மாமனார் மேல்தான் சந்தேகம்.

மாமனார் ரிட்டயர்டான டிரில் மாஸ்டர். முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளை வெயிலில் நிற்கவைத்தவர். பட்டனைக் கண்டாலே ஆகாது, ஒழுக்கமில்லாத ஜந்து என்பார். “எண்ணிக்கைன்னா ஒண்ணுல ஆரம்பிச்சு எட்டுல முடியணும். மறுபடி ஒண்ணு. அதுல தப்புனவன் கிரவுண்டைச் சுத்தி ஓடணும்” என்று சாப்பிடும்போதுகூடச் சொல்வார். நான் குளிக்கிற நேரம் பார்த்து மனுஷன் ஏதோ வேலை காட்டுகிறார் என்று டெய்லர் முடிவே கட்டிவிட்டார்.

சனிக்கிழமை காலையில் குழாயைத் திறந்துவிட்டு, குளியலறைக் கதவிடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றார்.

மாமனார் பாயில் விறைப்பாக நின்று கண்ணை மூடினார். பட்டன் எதிரே வந்து பயபக்தியோடு உட்கார்ந்தது.

“ஒண்ணு!” கைகள் மேலே போயின. பட்டன் குந்தியது.

“ரெண்டு!” கைகள் பக்கவாட்டில் விரிந்தன. பட்டன் முதுகை வளைத்தது.

“மூணு!” பட்டன் பிஸ்கட்டுக்காக அண்ணாந்து பார்த்தது.

டெய்லர் அடுப்படிக்கு ஓடி மனைவியிடம் மூச்சுவிடாமல் சொன்னார். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் அவள் முகம் மாறியது. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா தினமும் பயிற்சி செய்தே ஆக வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. எண்ணாவிட்டால் அவருக்குக் கை காலே அசையாது.

“எண்ணாதீங்கப்பான்னு நான் சொல்லமாட்டேங்க. நீங்களும் சொல்லிடாதீங்க. பொண்ணு வீட்டுல ஒரு நாய்க்காக வாயை மூடிக்கிட்டு இருக்கோம்னு அவர் மனசுல பட்டுடக்கூடாது.”

நியாயம்தான். அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடுவே ஒரு திரைதான். அந்தப் பக்கம் மாமனார் பயிற்சியை முடித்துவிட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கம் புரட்டும் சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்கவில்லை.

அன்று பகல் முழுக்க டெய்லர் கடையைப் பாதி சாத்திவிட்டுப் புது வார்த்தைகள் சொல்லிக்கொடுத்தார். ஒண்ணுக்கு “மழை”, ரெண்டுக்கு “இடி”. பட்டன் ஒவ்வொரு தடவையும் வானத்தைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. வெட்டுத்துணியில் தானே தைத்த குட்டி மெத்தையையும் சாப்பாட்டுக் கிண்ணத்தையும் டெய்லர் ஒரு பையில் எடுத்து வைத்தார். அழுகை முட்டியது. நாய்க்காக அழுதேன் என்று வெளியே சொல்ல முடியுமா? மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பினால், காலடியில் இருந்த பட்டனைக் காணோம்.

ஹாலிலிருந்து குரல் கேட்டது. “...ஆறு, ஏழு, எட்டு!”

போச்சு. டெய்லர் தரை துடைக்கும் துணியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

பாய் காய்ந்துதான் கிடந்தது. பட்டன் அதன் ஓரத்தில் உட்கார்ந்து, காதை நிமிர்த்திக்கொண்டு, வராத எதற்கோ காத்திருந்தது.

எட்டுக்கு அடுத்தது மறுபடியும் ஒண்ணு. அது டெய்லருக்குத் தெரியும். டெய்லர் துணியோடு குனிந்து தயாரானார்.

மாமனார் ஒரு கண்ணை மட்டும் திறந்து பட்டனைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கைகளை விறைப்பாக மேலே தூக்கினார்.

“மூணு!”