மூன்று வார இருமல்

கார் கவிந்த மலையாளக் கர்க்கடக மாதம், பகலையும் அந்தியாக்கி, ஸ்ரீவராகத்துத் தெருக்களின்மேல் ஓயாது பொழிந்துகொண்டிருந்தது. அந்த ஈரம் மூன்று வாரங்களாகக் கைலாஷின் நெஞ்சில் இருமலாய்க் குடியிருந்தது. சளியில் இரத்தம் கண்ட காலையில் அவன் மருத்துவமனைக்குச் சென்றான்.

மலையாளம் கலந்த தமிழில் பேசும் மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பை எடுத்தார். "சட்டையைக் கழற்று."

கைலாஷ் தயங்கினான்.

"அக்ரஹாரத்துப் பையனல்லே? கோயில்லே சட்டையில்லாமத்தானே நிக்கறே? பின்னே இங்க எந்து நாணம்?"

"அங்கே யாரும் கேள்வி கேக்கறதில்லே, சார்."

கழற்றினான். மருத்துவரின் கை அந்தரத்தில் நின்றது.

"வீட்டிலே சம்மதிச்சோ?"

"சம்மதிச்சா. சார், இருமினா ரத்தம்..."

"அது இருக்கட்டும். கல்யாணம் கழிப்பியோ?"

மருத்துவ மாணவர் நால்வரை அழைத்து அவன் நெஞ்சைக் காட்டினார். இறுதியில் மனநல மருத்துவருக்குச் சீட்டு எழுதினார்.

"இருமலுக்கு, சார்?"

"அடுத்த ஆளை வரச் சொல்லு."

ஸ்டெதஸ்கோப் அவன் நெஞ்சைத் தொடவேயில்லை.

அந்தியில், தெருக்கோயில் வாசலில் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, கைலாஷ் இருமியபடியே சந்நிதியில் நின்றான். பெண்ணாய்ப் பிறந்த உடலில், மார்பகங்களை அறுவையால் நீக்கிய இரு தழும்புகள் விளக்கொளியில் தெரிந்தன. பாவாடை கட்டிய பருவம் முதலே அவனை அறிந்தவர் அர்ச்சகர் சாம்பசிவன். பூசை நேரத்தில் பிறரைத் தீண்டாதவர், மடி ஆசாரத்தை மறந்து அந்த நெஞ்சில் உள்ளங்கையை வைத்தார்.

"கை வச்சாலே கரகரங்கறதே, கைலாஷ். டாக்டர் பாக்கலையா?"

"பாத்தார், மாமா. இதைப் பாக்கலை."

"நாளைக்கு வேற ஆஸ்பத்திரி. நான் கூட வரேன்."

கைலாஷ் கண்மூடிக் கைகூப்பினான். சாம்பசிவன் தழும்புகளின் நடுவே திருநீறு இட்டார்.

"தீர்க்காயுசா இருடா, குழந்தே."