பெரிய கொடுக்கு

"பாஸ்தாவைக் குழைய விடாதே. நண்டோட சேர்ந்து இன்னும் கொஞ்சம் வேகும்" என்று அடுப்பு மேடையில் சாய்ந்தபடி அதிகாரம் செய்தான் கணவன்.

"எட்ட நின்னு நாட்டாமை பண்றதுக்கு, இந்தப் பூண்டையாவது உரிச்சுக் குடுத்தா என்னவாம்?"

"ஊருக்கே சமைச்சுப் போடறவன் நான். வீட்டுல எனக்கு லீவு."

சிரிப்பை அடக்கிக்கொண்டு, தக்காளி வதங்கியதும் மிளகை இடித்துப் போட்டு, நண்டைக் கொட்டிக் கிளறினாள். வாசனை வீட்டையே தூக்கியது.

"இறாலு?"

"நீங்க கேட்டதெல்லாம் போட்டாச்சு."

"பெரிய கொடுக்கு எனக்கு. இப்பவே சொல்லிட்டேன்."

இரண்டு தட்டு வைத்தாள். பெரிய கொடுக்கை அவன் தட்டில் போட்டாள்.

"ஆறிடப் போகுது, உட்காருங்க" என்றாள் பழக்க தோஷத்தில்.

சொன்னதுமே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவனுக்குப் பின்னால் யாரோ, "சமையல்காரரே, பசி உயிர் போகுது!" என்று கத்தினார்கள். அவன் தன் ஃபோனைத் திருப்பிக் காட்டினான். அண்டா நிறையப் பாஸ்தா, அதன்மேல் டப்பாவில் அடைத்து வந்த கோழி. பின்னால் கப்பலின் வட்ட ஜன்னல். ஜன்னல் முழுக்கக் கடல்.

"சுத்தி இவ்வளவு தண்ணி. ஒரு நண்டு கண்ணுல படுதா பாரு" என்று சிரித்தான். "என் கொடுக்கையும் நீயே சாப்பிட்டுடு."

அதற்குள் சிக்னல் போய்விட்டது.

"முடியாது. வந்து நீங்களே உடைச்சுக்கோங்க."

சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்திருந்த, இருண்டுபோன ஃபோனிடம் அதைச் சொல்லிவிட்டு, அவன் தட்டை மூடி வைத்தாள்.