இருநூறு போஸ்டர்

“இதுவும் ஒரு பட்டினமோ? இதைவிடச் சுடுகாட்டில கலகலப்பு இருக்கும்!”

வரதராசா குடையைத் தரையில் குத்திக்கொண்டு கத்தினார். மூன்றாவது மண்டபத்தின் கதவில் பூட்டுத் தொங்கியது.

முதல் மண்டபத்தில் தையல் வகுப்புப் பரிசளிப்பு. இரண்டாவதில் கலியாணம். விசாரிக்க உள்ளே போனவரை மாப்பிள்ளை வீட்டார் என்று நினைத்து யாரோ பன்னீர் தெளித்துவிட்டார்கள். கோபத்தில் கொதிக்கும் மனிதர் மேல் கமகமவென்று வாசனை வேறு.

அவர் மனைவி பத்மாதேவிக்குச் சிரிப்பு வரவில்லை. கணவருக்கு அரசாங்கக் கந்தோர் வேலையில் இடமாற்றம் கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு வந்து மூன்று வருஷம். இந்த மூன்று வருஷத்தில் ஒரு நாட்டியம்கூடப் பார்த்ததில்லை. இன்று காலை கோயிலில் ஒரு பெண் சொன்னாள், “பாலாம்பிகை வந்திருக்காங்களாம், மூணு மணிக்கு ஆடுறாங்களாம்.” எந்த மண்டபம் என்று அவளுக்கும் தெரியவில்லை.

பாலாம்பிகையும் பத்மாதேவியும் ஒரே ஆசிரியையிடம் எட்டு வருஷம் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஆடியவர்கள். பாலாம்பிகை அடுத்த மாதம் கணவரிடம் லண்டனுக்குப் போகிறாள். பிறகு எப்போது காண்பதோ?

“ஒரு மதிலிலயாவது ஒரு நோட்டீஸ் இருக்கோ பாரும்! சினிமா எண்டால் சந்தி சந்தியா ஒட்டுறாங்கள். பரதநாட்டியத்தை மட்டும் களவா நடத்துறாங்கள்!”

“கத்தாதேங்கோ. அந்த மேட்டில இன்னொரு மண்டபம் இருக்காம்.”

“இந்த ஊரில எல்லாம் மேட்டிலதான்! கிழமை முழுக்கக் கந்தோரில மாரடிச்சுப்போட்டு, ஞாயிற்றுக்கிழமையும் மலையேற வேணுமோ?”

என்றாலும் ஏறினார். அலுமாரியின் அடித்தட்டில் அவள் சலங்கையைத் துணியில் சுற்றி வைத்திருப்பது அவருக்குத் தெரியும். இன்றைக்காவது அவளுக்கு ஒரு ஆட்டத்தைக் காட்டிவிட வேண்டும் என்று அவருக்கும் ஆசை. அந்த ஆசை இல்லாவிட்டால் இவ்வளவு கோபம் வந்திருக்காது.

மேட்டு மண்டபம் திறந்திருந்தது. உள்ளே ஒருவர் தனியாகக் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“நாட்டியம்?” என்றாள் பத்மாதேவி, மூச்சு வாங்க.

“முடிஞ்சிருச்சுங்கம்மா. நான் ராஜரத்தினம், கலைச் சங்கச் செயலாளர். கீழ துணிக்கடை வச்சிருக்கேன்.” அவர் நெற்றியைத் துடைத்தார். “வந்தது பதினேழு பேரு. அதுல ஆறு பேரு எங்க வீட்டு ஆளுங்க. ரெண்டு மணி நேரம் ஆட வந்தவங்க, ஒரு மணி நேரத்துல முடிச்சுக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போயிட்டாங்க. ரயிலும் போயிருக்கும்.”

பத்மாதேவி கதிரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“நீங்க பத்மாங்களா?” என்றார் அவர் திடீரென்று. “பத்மான்னு ஒருத்தங்க கண்டியில இருக்காங்க, விலாசம் தெரியலை, போஸ்டரைப் பார்த்தா கட்டாயம் வருவாங்கன்னு பாலாம்பிகை அம்மா சொன்னாங்க. ஆடி முடிக்கிற வரைக்கும் வாசலையே பார்த்தாங்க.”

அவள் கண் நிறைந்துவிட்டது. வரதராசாவால் அதைத் தாங்க முடியவில்லை.

“போஸ்டரோ? எங்க போஸ்டர்? ஊர் முழுக்கத் தேடினனாங்கள், ஒண்டும் இல்லை! நீங்களெல்லாம் ஒரு சங்கமோ?”

“இருநூறு அடிச்சோமுங்க. ஒண்ணுகூட ஒட்ட முடியல. ஒரு ஐயா ஒட்ட விடலைங்க.”

“ஆர் அந்த ஐயா? பேரைச் சொல்லும்! மேலிடத்துக்கு நான் எழுதிப் போடுறன். மனுசனோ மாடோ அவன்? தன்ர பெண்சாதி அழுதால்தான் தெரியும் அவனுக்கு!”

ராஜரத்தினத்துக்குத் தெம்பு வந்துவிட்டது. ஆதரவாகப் பேச இத்தனை நாள் அவருக்கு ஒருவர் கிடைக்கவில்லை.

“அப்படிக் கேளுங்க! மதில்ல ஒட்டுற போஸ்டர் எல்லாத்துக்கும் ஒரு கந்தோர்ல முத்திரை குத்தணுமுங்க. சிங்களப் போஸ்டர்னா ஒரே நாள்ல குத்திக் குடுத்துடுறாங்க. தமிழ்ப் போஸ்டர்னா தமிழ் தெரிஞ்சவர் வாசிச்சுப் பார்க்கணும். அங்க அப்படி இருக்கிறது ஒரே ஒரு ஐயாதான். மூணு கிழமையா அலைஞ்சேன். போஸ்டர் கட்டைக்கூட அவர் பிரிக்கலைங்க. வாசல்ல பியோனைக் கேட்டா, ‘ஐயா நாளைக்கு வரச் சொன்னாரு’ம்பான். ஒரு நாள்கூட அவர் மூஞ்சியை நான் பார்க்கல.”

வரதராசா மண்டபத்துக்குள்ளேயே குடையை விரித்தார், மடக்கினார்.

“அடுத்த மாசம் ஒரு பாட்டுக் கச்சேரி வச்சிருக்கோம். அந்தப் போஸ்டர் இருநூறும் அவர் மேசையிலதான் கெடக்கு. இதுவும் இப்படித்தான் ஆகப்போகுது,” என்றார் ராஜரத்தினம்.

பத்மாதேவி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“ஆகாது. நாளைக்கு மத்தியானத்துக்கு முதல் போங்கோ. இருநூறுக்கும் முத்திரை குத்தி வைச்சிருப்பார்.”

“எப்படிங்கம்மா அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க? அந்த ஐயாவைத் தெரியுமா?”

“தெரியாமல் என்ன?” அவள் கணவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “அவருக்கு ஒவ்வொரு நாளும் மத்தியானச் சாப்பாடு கட்டிக் குடுத்து அனுப்புறது நான்தானே!”