வாய் விரிந்த நூறு குழாய்கள்

"இந்த மெஷின்ல செய்யக்கூடிய தப்பு அத்தனையும் செஞ்சு முடிச்சாச்சு. இனி ஒண்ணும் பாக்கி இல்ல" என்று வியர்வையைத் துடைத்தான் தோல்குன்.

"இதுல பெருமை வேற!" என்றாள் அவன் மனைவி ஸும்ரத். உஸ்பெகிஸ்தானின் மர்கிலான் ஊரில், வீட்டு முற்றத்தில், மல்பெரி மர நிழலில், மடியில் பேசினை வைத்துக்கொண்டு காலையிலிருந்து எதையோ துணியால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

காரை விற்று வாங்கிய மெஷின். ஏ.சி.க்குப் போகும் செம்புக் குழாயின் வாயைப் புனல் மாதிரி விரிக்கும். மதியம், ஏ.சி. மாட்டும் வேலைக்காரர் நோர்மத் அண்ணன் வருவார். நூறு குழாயும் அவருக்குப் பிடித்துவிட்டால் கோடை முழுக்க ஆர்டர். இல்லையென்றால் மெஷினும் கார் போன வழியே போக வேண்டியதுதான்.

அன்று காலை சோதனைக்குப் போட்ட முதல் துண்டு கிழிந்திருந்தது.

"பிசிறைச் சீவாம விட்டுட்டேன். என் மண்டையைத்தான் சீவணும்."

இரண்டாவது துண்டைக் கவ்விக்கு மேல் அதிகமாக நீட்டிவிட்டான். வாய் கோணியது.

"உங்கப்பா வாய் மாதிரியே இருக்கு பாரு."

"எங்கப்பாவை ஏன் இழுக்கறீங்க? நீட்டினது உங்க கை."

மூன்றாவதற்கு எண்ணெய் விட மறந்தான்; வாயெல்லாம் கீறல்.

"டீயையே மூணு தடவை கிண்ணத்துல ஊத்தி கெண்டிக்கே திருப்பிட்டு, நாலாவதைத்தானே குடிக்கிறோம்? அப்படி நினைச்சுக்குங்க" என்றாள்.

இப்போது நான்காவது துண்டு கண்ணாடியாக விரிந்தது. அதே அளவில் மளமளவென்று நூறு குழாய்களுக்கும் இரண்டு முனைகளையும் விரித்து அடுக்கிவிட்டான்.

நோர்மத் வந்தார். ஒரு குழாயை எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, இவ்வளவு சுத்தமான வாயை நான் பார்த்ததே இல்ல. நட்டு இதுல வந்து முட்டி அப்படியே நிக்கும். துளி கேஸ் கசியாது."

தோல்குனுக்குக் கண் கலங்கிவிட்டது. "என்னை மாதிரி மடையனுக்கும் ஒரு நல்ல நாள் வருது அண்ணே."

"சரி, நட்டெல்லாம் எங்கே?"

தோல்குன் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தான். அவள் பேசினைத் தூக்கிக் காட்டினாள். இருநூறு பித்தளை நட்டுகள் பளபளத்தன.

"மாட்டுறப்போ கேப்பீங்கன்னு காத்துக்கிட்டே இருந்தேங்க."

"வாயை விரிக்கிறதுக்கு முன்னாடியே மாட்டியிருக்கணும், ஸும்ரத். இனி எந்தப் பக்கமும் நுழையாது" என்றவன், நோர்மத்தின் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்: "ஒரு தப்பு பாக்கி இருந்திருக்கு அண்ணே."