பிறந்தநாள் சாப்பாடு

அவள் முக்காட்டை இன்னும் கீழே இழுத்தாள்.

"கொஞ்சம் நிமிந்து பாருங்கக்கா. முகம் தெரியணுமுங்க."

நவநீதனின் ஒரு கையில் சாப்பாட்டுப் பொட்டலம். மறு கையில் செல்போன். ஞாயிறு மதியங்களில் மேம்பாலத்துக்குக் கீழே சோறு கொண்டுவரும் மஞ்சள் பனியன்காரர்களில் அவன்தான் மூத்தவன். அன்றைய சாப்பாடு யாரோ ஒரு பர்ணிகா பாப்பாவின் பிறந்தநாளுக்கு. செலவு செய்த வீட்டாருக்குப் படம் போக வேண்டும். பொட்டலமும் வாங்குகிறவர் முகமும் ஒன்றாகத் தெரிய வேண்டும்.

அதுதான் வழக்கம்.

அவளுக்கு அந்த வழக்கம் தெரியும். அதனால்தான் இத்தனை வாரமும் இந்த வரிசைப் பக்கமே வரவில்லை. கழுத்தில் தீ வைத்தவன் நான்கு மாதமாக அவளைத் தேடிக்கொண்டிருக்கிறான்.

ஆனால் அவள் பாத்திரம் கழுவும் இட்லிக் கடை மூடிக் கிடந்தது. பிள்ளை நேற்றுக் காலையில் ஒரு பன் தின்றது. அதற்குப் பிறகு தண்ணீர்தான்.

"போட்டோ வேணாம் தம்பி. சோறு மட்டும் குடுங்க."

"எல்லாருக்கும் எடுக்கறதுதானுங்க. இதுல என்னக்கா வெக்கம்?"

வெட்கமாம்.

பிள்ளை பொட்டலத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.

அவள் முகத்தை நிமிர்த்தினாள். சிரிக்கச் சொன்னான். சிரித்தாள்.

பிள்ளை முட்டையை முழுசாக வாயில் அடைத்துக்கொண்டது. அதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. உண்மையிலேயே சந்தோஷமாக.

படம் அன்று மாலையே ஃபேஸ்புக்கில் ஏறியது. முன்பின் தெரியாத நூற்றுக்கணக்கானவர்கள் கைகூப்பினார்கள்.

வியாழக்கிழமை நவநீதனுக்கு ஒரு போன் வந்தது.

"அது எம் பொண்டாட்டிங்க. புத்தி சரியில்லாம புள்ளையத் தூக்கிட்டுப் போயிட்டா. தேடாத எடமில்ல சார்."

அந்த ஆள் அழுதான். நவநீதனும் அழுதான். இளகின மனசு அவனுக்கு. பொறுப்பும் உண்டு. கல்யாணப் படம், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் கேட்டு வாங்கிச் சரிபார்த்தான். அவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. புத்தி சரியில்லாதவளிடம் எதைக் கேட்பது?

அடுத்த ஞாயிறு. கடை இன்னும் திறக்கவில்லை. ஒரு வாரம் ஒன்றும் நடக்காததில் அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருந்தது. வரிசையில் முதல் ஆளாக நின்றாள்.

நவநீதன் முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, இன்னிக்கு உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸ்."

ஓரமாக நின்ற ஒரு வேனின் கதவு திறந்தது.

பிள்ளைதான் முதலில் பார்த்தது. கத்தவில்லை. அவள் சேலையைப் பற்றிக்கொண்டு நின்ற இடத்திலேயே ஒன்றுக்குப் போனது.

அவள் பிள்ளையை வாரிக்கொண்டு திரும்பி ஓடப் பார்த்தாள். மஞ்சள் பனியன் போட்ட இரண்டு பெண்கள் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். அன்பாகத்தான் பிடித்தார்கள்.

"பயப்படாதீங்கக்கா. உங்க வீட்டுக்காரர்தானே?"

"இவன் என்னையக் கொளுத்துனவன்மா! விடுங்க!"

"இப்பிடித்தான் எதாவது சொல்லுவா," என்றான் வேனிலிருந்து இறங்கியவன், கண்ணைத் துடைத்துக்கொண்டே. அவள் கையிலிருந்து பிள்ளையை மெதுவாக எடுத்தான். தூக்கிப்போய் வேனின் முன்சீட்டில் மடியில் வைத்துக்கொண்டான்.

யாரோ கை தட்டினார்கள். நவநீதன் வழிக்கென்று இரண்டு பொட்டலம் கூடுதலாக வேனுக்குள் வைத்தான்.

அந்தப் பெண்கள் அவளை விட்டுவிட்டார்கள். இப்போது ஓடலாம். சாலை காலியாகத்தான் இருந்தது.

பிள்ளை அவன் மடியில் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

அவளே நடந்துபோய் வேனில் ஏறினாள்.